யு-மதிப்பு 0.77 எப்படி 1.37 ஆகிறது: ஆய்வகத்துக்கும் கொத்தனாருக்கும் நடுவே தொலையும் குளிர்ச்சி

அடுக்குமாடி விளம்பரங்களில் ‘ஆர்.இ.டி.வி. 12’, ‘குறைந்த யு-மதிப்புள்ள சுவர்’ என்று புதிய எண்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புத் திருத்தச் சட்டம், அதுவரை பெரிய வணிகக் கட்டடங்களோடு நின்றிருந்த ஆற்றல் விதிமுறையைக் குடியிருப்புகளுக்கும் விரிவாக்கியது. அதனால் வீடு வாங்குகிறவருக்கும் கட்டுகிறவருக்கும் இந்த எண்கள் புரிந்தாக வேண்டும். அவை எப்படிப் பிறக்கின்றன, கட்டுமானத் தளத்தில் எப்படிக் கரைந்துபோகின்றன என்பதே இக்கட்டுரை. வரைபடத்தில் இருக்கும் எண்ணைச் சுவரில் கொண்டுவருவது கைவேலை. அந்தக் கைவேலையைக் கற்றுத் தருவதற்கு நாம் செலவிடுவது மிகக் குறைவு.

முதலில் மூன்று சொற்கள்

1. யு-மதிப்பு: சுவருக்கு வெளியிலும் உள்ளிலும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பது. குறைவாக இருந்தால் நல்லது. இரு பக்கமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவருக்குச் சுமார் 2. 200 மி.மீ. ஏ.ஏ.சி. பிளாக் (நுண்ணிய காற்றறைகள் நிறைந்த இலகுவான கான்கிரீட் பிளாக்) சுவருக்கு 0.77 அளவில் வரும்.

2. எஸ்.எச்.ஜி.சி.: கண்ணாடியில் விழும் வெயிலில் எத்தனை பங்கு வெப்பமாக உள்ளே வருகிறது என்பது. சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்குச் சுமார் 0.82. மேலே சன்ஷேட் இருந்தால் இந்த எண் கணக்கில் குறையும்.

3. ஆர்.இ.டி.வி.: கூரையைத் தவிர்த்து, வெளிச்சுவர், ஜன்னல் எல்லாவற்றின் வழியாகவும் வீட்டுக்குள் வரும் வெப்பத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று ஒரே எண்ணாகச் சொல்வது.

மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’வின் முதல் பகுதி, குளிர்ப் பிரதேசங்கள் நீங்கலாக எல்லா இடங்களுக்கும் ஆர்.இ.டி.வி. 15ஐத் தாண்டக்கூடாது என்றது. கூரையின் யு-மதிப்பு 1.2ஐத் தாண்டக்கூடாது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கானது அது. மாநில அரசுகள் தங்கள் கட்டட விதிகளில் சேர்க்கும்போதுதான் கட்டட அனுமதி பெற அது கட்டாயமாகும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் கூடிய ஊர்களுக்குச் சூத்திரம் மூன்று துண்டுகளைக் கூட்டுகிறது. சுவரின் யு-மதிப்பை 5.15ஆல் பெருக்குவது முதல் துண்டு. கண்ணாடியின் யு-மதிப்பை 1.31ஆல் பெருக்குவது இரண்டாவது. கண்ணாடியின் எஸ்.எச்.ஜி.சி.யை 65.21ஆல் பெருக்குவது மூன்றாவது. ஒவ்வொன்றையும் அது முகப்பில் பிடிக்கும் பரப்புப் பங்காலும் பெருக்க வேண்டும். திசைக்கென்று தனிக் காரணி உண்டு. எளிமைக்காக அதை 1 என்று வைத்துக்கொள்வோம்.

முகப்பில் 20 சதவீதம் ஜன்னல், 80 சதவீதம் சுவர். சாதாரணக் கண்ணாடி (யு-மதிப்பு 5.8).

1. செங்கல் சுவர், சன்ஷேட் இல்லை: 8.24 + 1.52 + 10.69 = 20.45. தேறாது.
2. ஏ.ஏ.சி. சுவர், சன்ஷேட் இல்லை: 3.17 + 1.52 + 10.69 = 15.38. விலை கூடிய பிளாக் போட்டும் தேறவில்லை.
3. ஏ.ஏ.சி. சுவர், கண்ணாடியின் எஸ்.எச்.ஜி.சி.யை 0.57க்கு இறக்கும் அளவு சன்ஷேட்: 3.17 + 1.52 + 7.43 = 12.12. தேறிவிட்டது.

இரண்டாவது வரியை நின்று பார்க்க வேண்டும். மொத்த வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, முகப்பில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள கண்ணாடி வழியாக வருகிறது. நம் ஊர் வீடுகளில் ஜன்னலுக்கு மேல் தவறாமல் இருந்த இரண்டடி சன்ஷேட்டை, ‘எலிவேஷன் அழகு’க்காக எடுத்துவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை இந்த ஒரு கூட்டலே சொல்லிவிடும்.

இதே விதிமுறையில் பலர் கவனிக்காத இன்னொரு நிபந்தனை, திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு. வெப்ப ஈரப் பகுதிகளில் அது வீட்டின் கார்ப்பெட் ஏரியாவில் 16.66 சதவீதமாவது இருக்க வேண்டும். 60 சதுர மீட்டர் வீட்டுக்கு 10 சதுர மீட்டர். இரண்டு கதவுள்ள ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும். ஆகவே பாதிதான் கணக்கில் வரும். பக்கவாட்டில் திறக்கும் பழைய பாணிக் கதவு ஜன்னலுக்கு 90 சதவீதம் கிடைக்கும்.

எண்கள் பிறக்கும் இடம்

பிளாக்குக்கு 0.77 என்று சொல்ல ஒரு சோதனை வேண்டும். அதற்கான கருவி ‘ஹாட் பாக்ஸ்’. இரண்டு அறைகளுக்கு நடுவே சோதனைச் சுவரை அடைத்து நிறுத்துவார்கள். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர். இரு பக்க வெப்பநிலையும் அசையாமல் நிலைக்கும் வரை காத்திருந்து, சூடான பக்கத்தை அதே நிலையில் வைத்திருக்க ஹீட்டர் எத்தனை வாட் எடுக்கிறது என்று அளப்பார்கள். 1.5 சதுர மீட்டர் சுவர், 20 டிகிரி வித்தியாசம், 24 வாட் என்றால் யு-மதிப்பு 0.8. இந்தியாவில் இத்தகைய சோதனைகளுக்குப் பெயர்பெற்ற இடம், அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தின் கட்டட அறிவியல், ஆற்றல் ஆய்வு மையம்.

அதே மையம் முன்னின்று செய்த இன்னொரு ஆய்வு, ஏ.சி. எத்தனையில் ஓட வேண்டும் என்ற கேள்விக்கே அடிப்படையை மாற்றியது. மேலைநாட்டுத் தரநிலைகளைப் பார்த்து நம் அலுவலகங்களை 22 முதல் 24 டிகிரிக்குள் வைத்து வடிவமைப்பது வழக்கமாக இருந்தது. அகமதாபாத், பெங்களூரு, சென்னை, டெல்லி, சிம்லா ஆகிய ஐந்து நகரங்களில் 16 அலுவலகங்களில், மூன்று பருவங்களில், 6,330 பதில்களைத் திரட்டி, இங்குள்ளவர்களுக்கு எது இதமாக இருக்கிறது என்று அவர்களையே கேட்டு அளந்தார்கள். அதிலிருந்து வந்தவை இரண்டு எளிய சூத்திரங்கள். கடந்த 30 நாள் வெளி வெப்பநிலைச் சராசரியை 0.54ஆல் பெருக்கி 12.83 கூட்டினால், காற்றோட்டத்தை மட்டுமே நம்பும் அலுவலகத்தில் இதமான வெப்பநிலை கிடைக்கும். தேவைப்படும்போது மட்டும் ஏ.சி. போடும் அலுவலகத்துக்கு 0.28ஆல் பெருக்கி 17.87 கூட்ட வேண்டும். வெளிச் சராசரி 30 டிகிரி என்றால் முதலாவதில் 29, இரண்டாவதில் 26.3. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016லும், வணிகக் கட்டடங்களுக்கான 2017 ஆற்றல் விதிமுறையிலும் இது இடம்பெற்றது. அலுவலக ஊழியர் நிரப்பிக் கொடுத்த ஒரு தாள், நாட்டின் விதிமுறை வரை போய்ச் சேர்ந்த பாதை இது. பல்கலைக்கழக ஆய்வுக்கு இதைவிடப் பயனுள்ள முடிவு வேறு என்ன இருக்க முடியும்?

அந்தக் காலகட்டத்தில் செப்ட் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகமும் தலைமையேற்று நடத்திய இந்திய-அமெரிக்கக் கூட்டு ஆய்வில் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி., ஜெய்ப்பூர் எம்.என்.ஐ.டி., மும்பை ஐ.ஐ.டி. ஆகியவற்றோடு ஆரோவில்லின் அறிவியல் ஆய்வு மையமும் இருந்தது. கூரை, கண்ணாடி, கணினி மாதிரி எனப் பல தளங்களில் வேலை நடந்தது. ஆய்வில் குறை சொல்ல அதிகம் இல்லை. சிக்கல் அதற்குப் பிறகு.

கட்டுமானத் தளத்தில் நடப்பது

ஆய்வகச் சுவரைத் தேர்ந்த கைகள் கட்டும். நன்றாக உலர்ந்த பிறகே சோதிப்பார்கள். தளத்தில் கட்டும் கொத்தனார் இருபது வருடம் செங்கல் கட்டிப் பழகியவர். செங்கலுக்குச் சரியான பழக்கங்களே ஏ.ஏ.சி. பிளாக்குக்குத் தவறாகின்றன.

முதல் தவறு, இணைப்பின் தடிமன். 600க்கு 200 மி.மீ. முகமுள்ள பிளாக்கை 3 மி.மீ. பிளாக் பசையில் ஒட்ட வேண்டும். அப்போது சுவர் முகத்தில் இணைப்பு பிடிக்கும் இடம் 2 சதவீதம். சாதாரண சிமெண்ட் கலவையை 20 மி.மீ. போட்டால் அது 12 சதவீதம் ஆகிவிடும். கலவை, பிளாக்கைப் போல நான்கு மடங்கு வெப்பம் கடத்தும். கணக்குப் போட்டால் சுவரின் யு-மதிப்பு 3 மி.மீ. இணைப்பில் 0.79, 12 மி.மீ.யில் 0.89, 20 மி.மீ.யில் 0.97. கொத்தனார் ஏன் தடிமனாகப் போடுகிறார்? தளம் மட்டமாக இல்லை. முதல் வரிசையை ரசமட்டம் வைத்துச் சரிசெய்ய அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்குச் சதுர அடிக் கூலியில் இடமில்லை. அதனால் கோணலை ஒவ்வொரு வரிசையிலும் கலவையால் சரிக்கட்டிக்கொண்டே மேலே போகிறார். முதல் வரிசையை மட்டும் தடித்த கலவையில் மட்டம் பிடித்துவிட்டு, இரண்டாம் வரிசையிலிருந்து பல் வைத்த கரண்டியால் பசை இழுப்பதுதான் முறை.

இரண்டாவது, தண்ணீர். செங்கலை ஊறவைத்துக் கட்ட வேண்டும் என்பது நம் கொத்து வேலையின் முதல் பாடம். ஏ.ஏ.சி. பிளாக்கை ஊறவைத்தால் அதன் காற்றறைகளில் தண்ணீர் ஏறி, வெப்பத் தடை இறங்கிவிடும். உலரும்போது சுருங்கிப் பூச்சில் விரிசலும் வரும். தூசி தட்டி, முகத்தை லேசாக ஈரப்படுத்தினால் போதும். மழையில் திறந்துகிடக்கும் பிளாக் அடுக்குக்குத் தார்ப்பாய் போடுவதும் வெப்பத் தடைக்கான வேலைதான்.

மூன்றாவது தவறு கொத்தனாருடையதே அல்ல, பொறியாளருடையது. பில்லர்களும் பீம்களும் முகப்பில் 20 சதவீதம் இருப்பது சாதாரணம். 200 மி.மீ. கான்கிரீட்டின் யு-மதிப்பு சுமார் 2.96. தடித்த இணைப்புள்ள 0.97 பிளாக் 80 சதவீதம், கான்கிரீட் 20 சதவீதம் என்று சேர்த்தால் சுவரின் உண்மையான சராசரி 1.37. விதிமுறை ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகக் கணக்கிடச் சொல்கிறது. விவரத்தாளில் பிளாக்கின் எண்ணை மட்டும் எடுத்து முழுச் சுவருக்கும் போட்டுவிடுவதுதான் குறுக்குவழி.

இப்போது 12.12ஐத் திரும்பப் போடுவோம். சுவர் 1.37 என்றால் முதல் துண்டு 5.64 ஆகிறது, மொத்தம் 14.59. எல்லைக்குள் மயிரிழையில் நிற்கிறது. கட்டும்போது யாரோ சன்ஷேட்டை நீக்கிவிட்டால் 17.85. காகிதத்தில் தேறிய அதே வீடு.

ஒரு பல்கலைக்கழகம் கைவேலைக்கு இறங்கிய கதை

ஆய்வுக்கும் கைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி நமக்கு மட்டும் உரியதன்று. 1970களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நியூஜெர்சியின் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பில் ஒரே அச்சில் கட்டப்பட்ட வரிசை வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு ஒரே மாதிரியான வீடுகளிலும் இரு மடங்குக்கு மேல் வேறுபட்டது. பரணுக்குத் தடுப்புப் பஞ்சு போட்டிருந்தும், பரண் வழியாகப் போகும் வெப்பம் கணக்குச் சொன்னதைப்போல மூன்று முதல் ஏழு மடங்கு இருந்தது. காரணம் பஞ்சில் இல்லை. சுவர்களுக்கு நடுவிலும் குழாய்களைச் சுற்றியும் இருந்த மறைவான சந்துகள் வழியே, சூடான காற்று பஞ்சைச் சுற்றிக்கொண்டு மேலேறிப் போனது. பாடநூல் கணக்கில் அந்தச் சந்துகள் கிடையாது.

அவர்கள் செய்த அடுத்த வேலைதான் முக்கியம். கதவு நிலையில் மின்விசிறியைப் பொருத்தி, வீட்டின் காற்றழுத்தத்தை மாற்றி, கசிவு எங்கே என்று கண்டுபிடித்து, அங்கேயே அடைக்கும் முறையை வகுத்தார்கள். அதைச் செய்பவருக்கு ‘வீட்டு வைத்தியர்’ என்று பெயரிட்டு, பயிற்சி கொடுத்தார்கள். ஏழைகளின் வீடுகளைச் சீரமைக்க 1976இல் தொடங்கிய அமெரிக்க அரசுத் திட்டத்தில் அந்த மின்விசிறிச் சோதனை பின்னாளில் அன்றாடக் கருவியானது. வேலைக்கு முன் ஒரு அளவு, வேலைக்குப் பின் ஒரு அளவு. கைவேலைக்காரர் தன் வேலையின் பலனை அன்றைக்கே எண்ணாகப் பார்க்கிறார். நம் கொத்தனாருக்கு அந்த வாய்ப்பே இல்லை. பத்தாண்டு ஏ.ஏ.சி. கட்டிய ஒருவரிடம், அவர் கட்டிய சுவர் எத்தனை வெப்பத்தைத் தடுத்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

மொட்டை மாடி

150 மி.மீ. வெறும் கான்கிரீட் தளத்தின் யு-மதிப்பு 3க்கு மேல். செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு என்ற பழைய அடுக்கு அதைக் கொஞ்சம் குறைக்கும், 1.2க்குக் கொண்டுவராது. 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகை (வெப்பம் தடுக்கும் அடர்ந்த நுரைப் பலகை) போட்டால் 0.9க்குள் வந்துவிடும். கெடும் இடங்கள் சில: பலகைகளுக்கு நடுவே விரலளவு சந்து, கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு சாண் விட்டுவிடுவது, கலவை வண்டியை நேராகப் பலகை மேல் ஓட்டி நசுக்குவது, எக்ஸ்.பி.எஸ்.க்குப் பதில் அடர்த்தி குறைந்த தெர்மாகோலைப் போட்டு அது தண்ணீர் குடிப்பது.

ஏ.சி. மாட்டுபவர்

2020 ஜனவரி 1 முதல், நட்சத்திரக் குறியீடுள்ள அறை ஏ.சி.கள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது ஆற்றல் திறன் பணியகத்தின் கணக்கு. ஐந்து நட்சத்திரப் பெட்டியையும் ஒரே நாளில் கெடுத்துவிடும் வழி, மாட்டும் முறையில் இருக்கிறது.

1. குழாயில் இருக்கும் காற்றை வாக்கும் (வெற்றிட) பம்ப் வைத்து இழுக்காமல், கேஸைத் திறந்துவிட்டுத் தள்ளுவது. ஈரம் உள்ளேயே தங்கி, கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். மிஞ்சிய காற்று அழுத்தத்தை ஏற்றும். ஒவ்வொரு மணி நேரமும் கூடுதல் யூனிட். முறைப்படி 500 மைக்ரான் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) வரை இழுத்து, பம்பை நிறுத்தி, முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண மேனிஃபோல்ட் கேஜில் மைக்ரான் தெரியாது. அதற்குத் தனி கேஜ் வேண்டும்.
2. குழாய் முனையை இணைக்கும் ஃப்ளேர் நட்டைக் கை மதிப்பில் இறுக்குவது. குறைந்தால் கசியும், கூடினால் விளிம்பு பிளந்து பிறகு கசியும். இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரெஞ்ச் இதற்குத்தான்.
3. அவுட்டோர் யூனிட்டைக் குறுகிய டக்டுக்குள் மாட்டுவது. அது விடும் அனலை அதுவே திரும்ப இழுக்கும்.

ஏ.சி. கேஸ் வகைகளில் ஆர்-22 போய் ஆர்-32, ஆர்-290 வந்திருக்கும் இக்காலத்தில் இவை உயிர்ப் பாதுகாப்பும்கூட. ஆர்-32 லேசாகத் தீப்பற்றும். ஆர்-290 என்பது புரோப்பேன், நன்றாகவே பற்றும். மூடிய அறைக்குள் கேஸைத் திறந்துவிடும் பழக்கம் இனி ஆபத்து. 2019 மார்ச்சில் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், 2022-23க்குள் ஒரு லட்சம் ஏ.சி. மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றும் என்று இலக்கு வைத்தது. மெக்கானிக்கின் கையையும் கணக்கில் எடுத்த அரசுத் திட்டம் என்பதால் அதை மதிக்க வேண்டும். கொத்தனாருக்கும் மாடித் தளம் போடுபவருக்கும் அப்படி ஒரு இலக்கு வேண்டும்.

பயிற்சி என்றால் என்ன?

இரண்டு மணி நேரம் ஹாலில் உட்காரவைத்துப் படம் காட்டி, சான்றிதழும் டிபன் பொட்டலமும் கொடுப்பது பயிற்சி ஆகாது. ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ ஒரு மூலையில் இரண்டு சிறு சுவர்கள் கட்டச் சொல்லலாம்: ஒன்று பழக்கப்படி, ஒன்று முறைப்படி. இரண்டுக்கும் பின்னால் ஒரே அளவு பல்பு வைத்த பெட்டி. சில மணி நேரம் கழித்து முன்பக்கம் வெப்பமானியை வைத்தால் வித்தியாசத்தைக் கொத்தனாரே படிப்பார். செலவு சில ஆயிரங்கள்தான்.

பொறியியல் மாணவர்களுக்கும் வேலை இருக்கிறது. சொலார் டெகாத்லான் இந்தியா போட்டியில் மாணவர் அணிகள் உண்மையான கட்டுமானத் திட்டங்களுக்கு வடிவமைப்புச் செய்கின்றன, நல்ல தொடக்கம். அதற்கு அடுத்த படி, கட்டி முடித்த சுவரை அளப்பது. சுவரில் வெப்பப் பாய்வுத் தகட்டை ஒட்டி, குறைந்தது 72 மணி நேரம் பதிவெடுக்க வேண்டும். நம் ஊரில் உள்ளும் வெளியும் வித்தியாசம் குறைவு, பகலிரவில் திசையும் மாறும். எனவே அறையில் இரவு பகலாக ஏ.சி. ஓடவிட்டு, வெயில் நேராக விழாத வடக்குச் சுவரில் அளந்தால்தான் நம்பக்கூடிய எண் வரும். வெப்பக் கேமராவில் படம் எடுப்பதானாலும், ஏ.சி. பல மணி நேரம் ஓடிய பிறகு, விடியற்காலையில் எடுக்க வேண்டும். நண்பகலில் எடுத்த படத்தில் வெயில் மட்டுமே தெரியும்.

இவற்றையெல்லாம் செய்தும் கூலி முறை மாறாவிட்டால் பலன் பாதிதான். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிய இடத்தில், முதல் வரிசை மட்டம் பிடிக்கும் அரை நாளைத் தனி வேலையாகக் கணக்கில் எழுத வேண்டும். பசை மூட்டையும் பல் கரண்டியும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால், கற்றுக்கொண்ட கொத்தனார் தன் கூலியை இழந்துதான் சரியாகக் கட்ட முடியும்.

வீடு கட்டுபவர் பார்க்க வேண்டியது

ஆர்.இ.டி.வி. எண்ணோடு நில்லாமல், அந்தக் கணக்குத் தாளையே கேளுங்கள். அதில் பில்லரும் பீமும் தனி வரியாக இருக்கின்றனவா, சன்ஷேட் நீளம் வரைபடத்தில் உள்ளதுதானா என்று பாருங்கள். சுவர் எழும்போது, பூச்சுக்கு முன், ஒரு ஸ்கேலை இணைப்பில் வைத்தால் 3 மி.மீ.யா 20 மி.மீ.யா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். மாடியில் எக்ஸ்.பி.எஸ். பலகை அடுக்கி முடித்த நாளில், மேலே கலவை விழுவதற்கு முன், நேரில் ஏறிப் போங்கள். கைப்பிடிச் சுவர் ஓரத்திலும் தண்ணீர்க் குழாய்களைச் சுற்றிலும் பலகை முழுதாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மறுநாள் கலவை மூடிவிட்டால், உடைக்காமல் அதைத் திரும்பப் பார்க்க வழியில்லை.